அரை இன்ச் மாஸ்டரின் இடுப்பளவு

கடைக்கு முன்னால் ஒரு பெயர்ப்பலகை தொங்கியது என்னவோ உண்மைதான். ஆனால் அதில் எழுதியிருந்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் வழி தெரியாது. "அரை இன்ச் மாஸ்டர் கடை எங்க?" என்று கேட்டால், பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர் கையோடு கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார். சலவைக் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருந்தது கடை. ஒரு தையல் மெஷினும் ஒரு வெட்டு மேசையும் போட்டதுபோக மிச்சமிருந்த இடத்தில் ஓர் ஆள் திரும்பி நிற்கலாம், அவ்வளவுதான் அகலம்.

வாயைத் திறந்தால் அவர் அரை இன்ச்சைப் பற்றித்தான் பேசுவார். "உள்ள அரை இன்ச் விட்டிருக்கேன் சார், பின்னால தேவைப்படும்." எந்தத் துணியைத் தைத்தாலும் தையலுக்கு உள்பக்கம் மிச்சத் துணியை வெட்டி எறிய மாட்டார், மடித்து உள்ளேயே விட்டுவிடுவார். வேறு தையற்காரர்கள் நறுக்கித் தள்ளுகிற துணி இவர் தைத்த பேன்ட்டுக்குள் பத்திரமாக இருக்கும். பிள்ளை வளர்ந்தால், ஆளுக்குத் தொப்பை போட்டால், பிரித்து விட்டுக்கொள்ளலாம். "மனுஷன் உடம்பு என்ன கல்லுத்தூணா? மாறும் சார்," என்பார். ரெடிமேட் கடைகள் வந்தால் தையற்காரன் பிழைப்பு போய்விடும் என்று சிலர் பயமுறுத்தினார்கள். இவருக்கு வேலை கூடத்தான் செய்தது. கடையில் வாங்கின பேன்ட் எவனுக்கு ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறது? நீளம் குறைக்க, இடுப்பைப் பிடிக்க, தொடையை விட என்று காலையிலிருந்தே ஆட்கள் பையோடு வந்து நிற்பார்கள்.

ஜன்னலோரத்து நாற்காலி அவர் மனைவியுடையது. பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, கால்மடிப்பைக் கையால் தைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. தெருவுக்கு அவள் காஜா அக்கா. இருபத்தெட்டு வருஷமாக ஒரே அறையில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். நாள் முழுக்க வம்புக்கு இழுத்துக்கொள்வார்கள், சாயங்காலம் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு மாடியிலிருக்கும் வீட்டுக்கு ஏறுவார்கள். அவரைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒரு நூலிழைகூட இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்புதான் அவளைக் கவிழ்த்துவிட்டது.

ஊரையெல்லாம் அளந்த அந்த மனுஷன் தன் உடம்பில் மட்டும் இன்ச் டேப்பை வைத்ததே கிடையாது. தனக்குப் புது பேன்ட் வேண்டுமென்றால் பழைய பேன்ட் ஒன்றை மேசையில் விரித்து, அதையே மாதிரியாக வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டிவிடுவார். அந்தத் தொழிலில் பலரும் அப்படித்தான். "வாங்க, ஒருதடவை நான் அளவு எடுக்கிறேன்," என்று அவள் கூப்பிட்டால், "எனக்கு எதுக்கு அளவு, நான் என்ன கஸ்டமரா?" என்று சிரிப்பார். சாம்பல் நிறப் பேன்ட் ஒன்றுதான் மாதிரி. கல்யாணமான புதிதில் தைத்ததற்கு அடுத்ததற்கு அடுத்தது. அதை அவர் உடுத்தவும் செய்வார், மாதிரியாகவும் வைப்பார்.

நெஞ்செரிச்சல் அவருக்கு இன்று நேற்று வந்ததில்லை. சாப்பிட்டுக் குனிந்து கத்தரி போட்டால் புளித்துக்கொண்டு மேலே வரும். பக்கத்து மருந்துக்கடைக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "மாஸ்டர், கேஸ்தான், ரெண்டு மாத்திரை சப்புங்க," என்று சத்தம் கொடுப்பார். சுண்ணாம்பு நிறத்தில் பெரிய மாத்திரை. அது அவர் சட்டைப்பையில் சாக்கட்டியோடு சேர்ந்தே கிடக்கும். ஒருநாள் சாக்கட்டியை மாத்திரை என்று வாயில் போட்டுக் கடித்துவிட்டார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித் தெருவே ஒரு மாசம் சிரித்தது. புகை கிடையாது, குடி கிடையாது. ஆகவே அவருக்குப் பெரிதாக என்ன வந்துவிடப் போகிறது என்று எல்லோரும் இருந்தார்கள், அவளும் இருந்தாள்.

பிறகு ரொட்டி தொண்டைக்குக் கீழே நிற்க ஆரம்பித்தது. இறைச்சித் துண்டும் நின்றது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "மெதுவா மெல்லுங்களேன், யாரு துரத்துறா?" என்று அவள் அதட்டினாள். மென்றுதான் பார்த்தார். பிறகு ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு நடுவை மட்டும் பாலில் ஊறவைத்தார். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார், பல் ஆடுகிறதாம். கொஞ்ச நாளில் மதியச் சாப்பாட்டுக்கு மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். "வேலை குவிஞ்சு கிடக்கு, டப்பாவுல குடு, இங்கயே முடிச்சுக்கிறேன்." டப்பா தினமும் கழுவிக் காலியாகத் திரும்பி வந்தது. காலி டப்பாவைப் பார்த்து மனசு நிறைகிற ஜாதிதான் நாமெல்லாம். அவளும் நிறைந்துபோனாள். அந்தச் சோறு கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் பூனைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இதற்கு நடுவில் ஒருநாள் மெஷினின் மோட்டார் புகைந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. மாஸ்டர் துண்டைக் கட்டிக்கொண்டு, சாம்பல் பேன்ட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார்.

"பின்தையல்ல கோடு போட்டிருக்கேன். கையிலயே ஒரு ஓட்டு ஓட்டிக் குடு."

"பிடிக்கவா? விடவா?"

"பிடிக்கத்தான். அரை இன்ச்."

அவள் ஊசியில் அப்போது மஞ்சள் காஜா நூல் இருந்தது. உள்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதையே ஓட்டினாள். நெருக்கமாக, அழுத்தமாக, பின்னுக்குப் போய் முன்னுக்கு வரும் தையல். கிழிந்தாலும் துணிதான் கிழியும், அவள் தையல் கிழியாது.

"இந்த வயசுல இடுப்பு சின்னதாகுது! யாருக்காக இதெல்லாம்?"

"சலவைக்கடை அம்மா போன வாரம் என்னப் பாத்துச் சிரிச்சாங்க, தெரியுமா?"

"அவங்களுக்குக் கண்ணுல புரை. சுவரப் பாத்தாலும் சிரிப்பாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு விக்கலில் போய் முடிந்தது. அந்த விக்கல் ஒருமணி நேரம் நிற்கவில்லை. அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுத்த சட்டைக்குக் காஜா எடுக்கப் போய்விட்டாள்.

வெளியூரில் அலுவலக வேலையிலிருந்த மகள் நான்கு நாள் விடுப்பில் வந்தாள். அவள் மட்டும் வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் இப்படியே ஓடியிருக்குமோ. மகளுக்காக அவர் மாடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. மூன்றாவது வாயில் எழுந்தார். கை கழுவப் போகிறவர் மாதிரிதான் போனார். மகள் பின்னாலேயே போய்க் கதவிடுக்கில் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, அப்பா வாந்தி எடுக்கல. விழுங்கினது அப்படியே திரும்பி வருது. எத்தனை நாளா இப்படி?"

"கேஸ்டி," என்றாள் அம்மா.

"கேஸாம் கேஸ்! அப்பா குரல் கம்மிக் கிடக்கிறதுகூடவா உங்களுக்குக் காதுல விழல?"

விழத்தான் செய்தது. ஆனால் தினமும் கேட்கிற குரல் தினமும் கொஞ்சமாக மாறினால் யாருக்குத்தான் தெரியும்? மறுநாள் காலை அவரைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக மகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா அவசரப்படாத ஆள். எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டார். எது நிற்கிறது, ரொட்டியா, சோறா, தண்ணீரா? எப்போதிலிருந்து? மாஸ்டர், "ஒரு ரெண்டு மாசமா," என்றார். உடம்பு இளைத்திருக்கிறதா என்று கேட்டதற்கு மட்டும் அவர் மேசை விளிம்பைப் பார்த்தார். மனைவிதான் முந்திக்கொண்டாள்.

"அப்படியெல்லாம் இளைக்கல டாக்டர். இதோ பாருங்க, பேன்ட்டு கச்சிதமாத்தான் இருக்கு. தொளதொளன்னு ஆகவே இல்ல."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. டாக்டரம்மா அவரை எடை பார்க்கும் மெஷினில் ஏற்றினார். நாற்பத்தொன்பது கிலோ. டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், பேன்ட்டைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"ஐயா என்ன வேலை பாக்கிறார்?"

"டெய்லர்," என்றாள் அவள். சொன்ன வாய் மூடுவதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. ஊரில் இளைக்கிறவனுக்கெல்லாம் துணி தொங்கும், பார்க்கிறவர்கள் கேட்பார்கள். இவருக்குத் துணி தொங்கவே இல்லை.

வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து டாக்டரம்மா மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். உணவுக்குழாயின் அடிப்பக்கத்தில் புற்றுநோய். அங்கேயே நிற்கவில்லை, ஈரல்வரை போய்விட்டது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. குழாயைத் திறந்து வைக்க உள்ளே ஒரு வலைக்குழாய் பொருத்தலாம், அதனால் நீராகாரம் இறங்கும். மருந்து ஏற்றினால் கொஞ்சம் காலம் கிடைக்கலாம். எவ்வளவு என்று மகள் கேட்டாள். மாதக்கணக்குதான், வருஷக்கணக்கில்லை என்றார்.

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கஸ்டமர் அளவு சொல்லும்போது ஆட்டுகிற அதே ஆட்டம்தான்.

அவரையும் மகளையும் முன்னால் அனுப்பிவிட்டு அவள் மட்டும் திரும்ப உள்ளே போனாள். "முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டரம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, இல்லை மனசு வரவில்லை. "இந்த நோய் ரொம்பப் பேருக்கு இப்படித்தான்மா, விழுங்க முடியாம போகும்போதே முத்தித்தான் இருக்கும். ஆனா ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. எப்ப ஆரம்பிச்சதுன்னே நமக்குத் தெரியலையே."

அவர் சொன்ன ரெண்டு மாசத்தை டாக்டரம்மா நம்பவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அவளுக்கு அது தெரிந்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. பழியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு மனுஷியால் எத்தனை நாள் இருக்க முடியும்?

மறுநாள் மத்தியானம், அவர் மாடியில் தூங்கும்போது, கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுச் சாம்பல் பேன்ட்டை வெட்டு மேசையில் விரித்தாள். முதலில் கண்ணில் பட்டது பின் பாக்கெட்டுகள்தான். நாலைந்து விரல் தள்ளி இருக்க வேண்டியவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மேலே சட்டையைத் தொங்கவிட்டு அதை மறைத்திருக்கிறார். இருபத்தெட்டு வருஷம் துணியோடு புழங்கியவள் இதைப் பார்க்கவில்லை. துவைத்துப் பிழியும்போது பின்பக்கம் தடிப்பாகக் கைக்குத் தட்டுப்பட்டதுகூட இப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உள்பக்கத்தைப் புரட்டினாள். அவர் வழக்கப்படி ஒரு இழை துணியைக்கூட வெட்டவில்லை. இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாக அப்படியே கிடந்தது. உட்கார்ந்தால் எப்படி உறுத்தியிருக்கும்! அந்தத் துணியின்மேல் வரிசையாக ஐந்து தையல். அவருக்கென்று தைத்துக்கொண்டபோது நூலை மாற்றக்கூட அவர் மெனக்கெடவில்லை. மெஷினில் அன்று எது ஓடிக்கொண்டிருந்ததோ அதையே ஓட்டியிருக்கிறார். அவளுக்கு அந்த நூல்களெல்லாம் தெரிந்தவைதான். கடைசி வரிசை கறுப்பு, போன மாசம் ஹோட்டல் பணியாளர்களின் உடைக்கு வாங்கியது. அதற்கு முந்தியது காக்கி, காவலாளிகளின் சட்டை தைத்த சமயம். அதற்கும் முந்தியது மஞ்சள். அது அவளுடையது, கைத்தையல். அதற்கு முந்தியது அரக்கு. எல்லாவற்றுக்கும் முதல் வரிசை நீலம், பள்ளிக்கூடச் சீருடை நூல். இந்த வருஷத்துப் பள்ளிக்கூடம் பச்சைக்கு மாறிவிட்டது. நீலம் போன வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தது.

பதினாலு மாசம். விரல்விட்டு இரண்டு தடவை எண்ணினாள். இரண்டு தடவையும் பதினாலுதான் வந்தது.

அவர் தூங்கி எழுந்ததும் பேன்ட்டைக் கொண்டுபோய்க் கட்டில்மேல் போட்டாள். நல்லபடியாகப் பேச வேண்டும் என்று படியேறும்போது நினைத்துக்கொண்டுதான் போனாள். பார்த்ததும் அதெல்லாம் பறந்துவிட்டது.

"இந்த நீலம் யாரு ஓட்டினது?"

அவர் பேன்ட்டைப் பார்த்தார். "நான்தான்."

"அரக்கு?"

"நான்தான்."

"இது?" என்று மஞ்சளில் விரலை வைத்தாள்.

"அது நீ," என்றார்.

"என் கையாலயே தைக்க வெச்சீங்களே! உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." அதற்குமேல் அவளால் முடியவில்லை. கட்டில் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"சொன்னா நீ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ," என்றார் அவர், கம்மிய குரலில். "போனா அவங்க சொல்லிடுவாங்க. சொல்லிட்டா அது நெசமாயிடும். பயந்துட்டேன், வேற என்ன. ஒவ்வொரு தடவையும் அரை இன்ச்தானேன்னு பிடிச்சேன். போட்டுக் கண்ணாடில பாத்தா சரியாத்தான் இருந்துச்சு. சரியாயிட்டேன்னு நானே நம்பிட்டேன்."

இதற்கு அவர்மேல் கோபப்படுவதா, அவரைக் கட்டிக்கொள்வதா? அவள் இரண்டையும் செய்தாள். முதலில் தோளில் ஒரு அடி வைத்தாள். எலும்பில் பட்டது. அப்படியே பிடித்துக்கொண்டாள்.

வலைக்குழாய் பொருத்திய பிறகு கஞ்சியும் சூப்பும் இறங்கின. முதல் நாள் ஒரு கிண்ணம் சூப்பை நிற்காமல் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. மருந்து ஏற்றிய வாரங்களில் படுத்துக்கிடந்தார், இடைப்பட்ட வாரங்களில் கடைக்கு இறங்கினார். சாம்பல் பேன்ட் மறுபடி இடுப்பில் நிற்காமல் போயிற்று. மஞ்சள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேன்ட்டை அவளிடம் நீட்டினார்.

"இதுல இன்னும் அரை இன்ச் பிடிச்சுக் குடேன். ஆளுங்க பாக்கிறாங்க."

"பாக்கட்டும்."

"எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும்ங்க. பாக்காததாலதான் இங்க வந்து நிக்கிறோம். இனிமே ஒரு நூல் அகலம்கூட நான் பிடிக்க மாட்டேன், நீங்களும் மெஷின்ல கை வைக்கக் கூடாது."

ஒருநாள் முழுக்க அவளோடு பேசாமல் இருந்தார். இரண்டாம் நாள் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு, இடுப்பில் துணி கொசுவிக்கிடக்க, கீழே இறங்கிவந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். தெரு பார்த்தது. இத்தனை நாள் கண்டும் காணாமல் இருந்த தெரு அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது. சலவைக்கடை அம்மா தினமும் பதினோரு மணிக்குச் சூப்போடு வந்தாள். மருந்துக்கடைக்காரர் வந்து வாசல்படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

"நான்தான மாஸ்டர் கேஸ் கேஸ்னு..."

"நீங்க மாத்திரை விக்கிறவரு. சாக்கட்டிக்கும் மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாம தின்னவன் நான். உள்ள வாங்க, வழிய மறைக்காதீங்க."

அதன்பிறகு மாஸ்டருக்கு ஒரு புதுப் பித்துப் பிடித்தது. இடுப்பைப் பிடிக்க வேண்டும் என்று யார் பேன்ட்டை நீட்டினாலும் லேசில் வாங்க மாட்டார். "எதனால குறைஞ்சுது? சாப்பாடு இறங்குதா? தொண்டையில நிக்குதா?" என்று குறுக்கு விசாரணை. பேருந்து ஓட்டுநர் ஒருவர் படாதபாடு பட்டார். "மாஸ்டர், என் வீட்டுக்காரி தினமும் அஞ்சு மைல் நடக்க வெக்கிறா. ராட்சசி. அதான் குறைஞ்சுது, போதுமா?" என்று சத்தியம் செய்த பிறகுதான் பேன்ட்டு கைமாறியது. பாதிப் பேர் இப்படி நடந்தோ சாப்பாட்டைக் குறைத்தோ இளைத்தவர்கள். சிலருக்கு எரிச்சல், வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் விழித்தார். தானாக எடை குறைகிறது, ஏனென்று தெரியவில்லை என்றார். "டாக்டர் சீட்டக் காட்டினாத்தான் தைப்பேன்," என்று மாஸ்டர் பேன்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்குத் தைராய்டு, மாத்திரையோடு போயிற்று. அன்றைக்கு மாஸ்டருக்கு இருந்த சந்தோஷத்தை அவள் அந்த வருஷத்தில் வேறு எந்த நாளும் பார்க்கவில்லை.

ஆறு மாசம் இருந்தார். கடைசி மூன்று வாரம் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. பேச்சு வெறும் காற்றாகிவிட்டது. ஒரு காலையில், மகள் சூப்பை ஆற்றிக்கொண்டிருக்க, மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருக்க, மூச்சு நின்றது.

என்ன உடுத்துவது என்ற பேச்சு வந்தபோது மகள் அலமாரியிலிருந்து சாம்பல் பேன்ட்டை எடுத்தாள். "இதுகூடத் தொளதொளன்னு இருக்குமேம்மா. பின்னால ரெண்டு ஊசி குத்திடலாமா?"

"குடு அதை," என்று அவள் வாங்கிக்கொண்டு கடைக்கு இறங்கினாள்.

வெட்டு மேசையில் போட்டு, பிளேடை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கறுப்பு சரசரவென்று வந்தது. காக்கியும் வந்தது. அரக்கு, நீலம், எல்லாம் மெஷின் தையல், ஒரு முனை கிடைத்தால் உருவிக்கொண்டு வரும். மஞ்சளைக் கடைசிக்கு விட்டிருந்தாள். அவள் தையல் லேசில் விடுமா? ஒவ்வொரு கண்ணியாக நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. கண்ணை மறைத்த நீரைத் துடைத்துத் துடைத்துப் பிரித்தாள். துணி முழுவதும் அப்படியே உள்ளே இருந்தது. மிச்சம் பிடித்து வைத்திருந்தாரே, அந்தப் புண்ணியவான். பழைய கோட்டில் ஒரே தையல் ஓட்டினாள். இஸ்திரி போட்டாள். ஐந்து வரிசை ஊசித்துளை மட்டும் போகவில்லை. கடைசியாக இன்ச் டேப்பை எடுத்துப் பேன்ட்டின் இடுப்பைச் சுற்றி அளந்தாள். அவர் துணியில் டேப் பட்டது அதுதான் முதல் தடவை.

வந்தவர்கள் பார்த்தார்கள். அவருக்குச் சட்டையை உள்ளே விட்டு உடுத்திவிட்டிருந்தாள். பெரிய பேன்ட்டுக்குள் அவர் எங்கோ ஓர் ஓரத்தில் கிடந்தார். ஒரு மனுஷன் எவ்வளவு போயிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் கிட்டே வந்து, அவள் காதருகில் குனிந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"யாரோட பேன்ட் அக்கா இது? மாஸ்டருக்கு ரொம்பப் பெருசா இருக்கே?"

"அவரோடதுதான்," என்றாள் அவள். "முப்பத்தி நாலு. இதுதான் அவர் அளவு."